பெரியம்மா தேர்ந்தெடுத்த இடம்

சலவைப் பிரிவுப் பெண்கள் பெரியம்மாவுக்கு வைத்திருந்த பெயர் எக்ஸ்ரே. பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளத்தில், ஆவியும் சலவைச் சோடா நெடியும் நிறைந்த நீண்ட கூடத்துக்கு அவள் மேற்பார்வையாளர். இஸ்திரி உருளையிலிருந்து மடிந்து வரும் படுக்கை விரிப்புகளில் ஒன்றை உருவிக் குழல் விளக்குக்கு நேரே பிடிப்பாள். வேறு யார் கண்ணுக்கும் படாத மஞ்சள் நிழல் ஒன்று அவள் கண்ணுக்குப் படும். எதுவும் சொல்லமாட்டாள். அதைத் தரையில் போட்டுவிட்டு அடுத்ததை உருவுவாள். தரையில் விழுந்ததை முதலிலிருந்து துவைக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் முதல் வாரம் கழிவறைக்குப் போய் அழுவார்கள். அழுதுவிட்டு வந்தவளிடம், "மூஞ்சியைத் துடைச்சுக்கோ. என் துணியில துடைக்காத" என்பாள்.

வெளியிலும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் தலையணை உறையைத் திருப்பிப் பார்ப்பாள். "உங்க அக்கா வர்ற அன்னிக்கு முன்னாடியே சொல்லிடு, நான் வெளியூர் போயிடறேன்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். பெரியப்பாவுக்கு அந்த வசதி இல்லை. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பகலெல்லாம் பேருந்து நிறையப் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து ஒரே ஒருத்தியின் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயில்லாப் பூச்சி என்று பெரியம்மா அவர் எதிரிலேயே சொல்வாள். மறுத்துப் பேசினால் மனைவி சொன்னது பொய்யாகிவிடுமே என்றுதான் அவர் பேசுவதில்லை என்பது அம்மாவின் விளக்கம்.

அவர்களுடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். அடுக்கிய பெட்டிகள் ஒருநாள் சரிந்து அவன் முதுகில் விழுந்தன. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். முதுகு சரியாயிற்று, மாத்திரை நிற்கவில்லை. முதலில் மருத்துவர் சீட்டோடு வாங்கினான், பிறகு சீட்டில்லாமல் யாரிடமோ வாங்கினான். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். சாப்பிடும்போதே தூங்குவான். ஒருநாள் மதியம், இயந்திரத்தின் நெம்புகோலில் கை இருக்க, அப்படியே தூங்கிவிட்டான். அதன் முன்னால் நீண்டிருந்த இரும்பு முட்கள் கிடங்கின் சுவரைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயின. அந்தப் பக்கம் தொழிலாளர்கள் தேநீர் குடிக்கும் அறை. அன்று அங்கே யாரும் இல்லாதது அவனுடைய அதிர்ஷ்டம். வேலை போயிற்று.

அதற்குப் பிறகும் பெரியம்மா அதை முதுகுவலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை பெரியப்பா குளியலறைக் கதவை உதைத்துத் திறந்த பிறகுதான் நிறுத்தினாள். உள்ளே அண்ணன் உதடு நீலமாகிக் கிடந்தான். அவசரப் பிரிவில் அவனுக்கு மூச்சை மீட்டுக் கொடுத்த மருத்துவர், தாழ்வாரத்தில் நின்றபடியே பேசினார்.

"இந்தத் தடவை கதவு சீக்கிரம் தெறந்துச்சு. அடுத்த தடவை எப்படின்னு என்னால சொல்ல முடியாது. எங்க போதை வார்டுல சேர்த்துடுங்க, இல்ல வேற எங்கயாவது சேர்த்துடுங்க. சேர்க்காம மட்டும் வீட்டுல வெச்சுக்காதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே சொன்னான்.

"ஒரு தடவை போறேன். நீங்க காட்டற இடத்துக்கு, ஒரே ஒரு தடவை. அது சரிப்படலன்னா அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. செத்தாலும் விட்டுடணும்."

"சாகப்போறவன் நிபந்தனை போடறான் பாரு" என்றாள் பெரியம்மா.

"நீ இப்படியே பேசும்மா."

"வேற எப்படிப் பேசணும்? தாலாட்டுப் பாடணுமா?"

அந்த ஒரு தடவைக்கான இடத்தைத் தேடும் வேலையைப் பெரியம்மா தன் கையில் எடுத்துக்கொண்டாள். அந்த இடங்கள் அச்சடித்துக் கொடுத்த தாள்களெல்லாம் அவளுக்குப் பழக்கமில்லாத மொழியில் இருந்ததால், படித்துச் சொல்லப் பெரியப்பாவோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

முதலில் பொது மருத்துவமனையின் வார்டைப் பார்த்தோம். மூன்றாவது மாடி. கட்டில்கள் நெருக்கமாகக் கிடந்தன. ஒருவன் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்க, அவனுடைய தகப்பன் அவன் கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டிலுக்குக் கீழே வாளி. பெரியம்மா அவர்களைக் கடந்து, காலியாக இருந்த கட்டிலுக்குப் போய் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். துணி நைந்து சாம்பல் நிறமாகியிருந்தது. நடுவே தேநீர் நிறத்தில் கறைகளின் விளிம்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"இது துவைச்சதா?" என்று வார்டு நர்ஸைக் கேட்டாள்.

"இப்பத்தான் போட்டது." நர்ஸ் பருத்த உடம்புக்காரி. பேசும்போது மூச்சு வாங்கியது.

"இதைத் துவைச்சதுன்னு சொல்றீங்க."

"இங்க வர்றவங்க வேர்த்துக் கொட்டுவாங்கம்மா. வாந்தி எடுப்பாங்க. சில பேருக்கு எழுந்து போறதுக்குள்ள படுக்கையிலயே போயிடும். ஒரே நாள்ல மூணு தடவை, நாலு தடவை மாத்தறோம். அத்தனை தடவை வெந்நீர்ல போட்டா துணி என்னத்துக்கு ஆகும்?"

"மொதல்லயே வெந்நீர்ல போட்டா கறை உக்காந்துடும். பச்சைத் தண்ணியில அலசணும். இதுகூடத் தெரியாம வார்டு நடத்தறீங்க."

"நீங்க பையனைச் சேர்க்க வந்தீங்களா, இல்ல துணி எடுக்க வந்தீங்களா?"

மற்ற விவரங்களையும் நர்ஸ் அதே குரலில் சொன்னாள். முதல் சில நாட்களுக்கு வீட்டிலிருந்து ஒருவர் கூடவே தங்க வேண்டும். நடுக்கத்துக்கும் ஏக்கத்துக்கும் தினமும் மருந்து கொடுப்பார்கள். அதை மெல்ல மெல்லத்தான் குறைப்பார்கள், மாதக்கணக்கில்கூட ஆகலாம்.

"மாத்திரையால கெட்டவனுக்கு மறுபடி மருந்தா? கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிஞ்சுக்கற கதையா இருக்கு."

"அப்ப வேற எடம் பாருங்க. இந்தக் கட்டிலுக்கு வெளிய ஆள் நிக்குது."

படியிறங்கும்போது பெரியப்பா, "எனக்கென்னவோ இந்த எடம் சரியா..." என்று ஆரம்பித்தார்.

"உங்களுக்கு எல்லாமே சரிதான். பஸ்ஸுல பிரேக் இல்லன்னாலும் சரிதான்னு ஓட்டிட்டுப் போவீங்க."

அடுத்தது நகரத்துக்கு வெளியே, மரங்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கட்டடம். மருந்தில்லாத முறை என்று தாளில் போட்டிருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் பெரியம்மா சரி என்று தலையை ஆட்டினாள். அங்கிருந்த இயக்குநர் பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வார். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. எங்களை ஒரு பெரிய அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். இரண்டு வரிசையாகக் கட்டில்கள். எல்லாவற்றிலும் வெள்ளை வெளேர் என்று விரிப்பு. நீளவாக்கில் ஒரு மடிப்புக்கோடு, குறுக்கில் இரண்டு, ஒவ்வொன்றும் அளவுகோல் வைத்து இழுத்தது போல.

பெரியம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். அவளுடைய ஓட்டலில் அந்தக் கோடு கலையாமல் இருப்பதுதான் அறை தயாராகிவிட்டது என்பதற்கு அடையாளம். உனக்கு முன்னால் இதில் யாரும் படுக்கவில்லை என்று விருந்தாளிக்கு அது சொல்ல வேண்டும். படுக்கை விரிக்கும் பையன்கள் அதைக் கையால் தடவிக்கூட விடக்கூடாது.

"நல்லா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அப்போதுதான்.

"எங்களுக்கு ஒழுங்குதாங்க வைத்தியம்" என்றார் இயக்குநர்.

"இங்க இருக்கறவங்க எல்லாம் எங்கே?" என்று பெரியப்பா கேட்டார்.

"தோட்டத்துல வேலை செய்யறாங்க."

"வாந்தி வந்தா, உடம்பு நடுங்கினா, யாரு பாத்துப்பாங்க?"

"இங்க அந்த நிலைமையே வராதுங்க."

பெரியம்மா கணவரைப் பார்த்த பார்வையில் அவருடைய அடுத்த கேள்வி தொண்டையோடு நின்றுவிட்டது.

வீட்டில் அவள் முடிவைச் சொன்னபோது அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"அங்க இருக்கறவங்க எப்படி இருந்தாங்க?"

"தோட்டத்துல இருந்தாங்க."

"யார்கிட்டயாவது பேசினியா?"

"கட்டிலைப் பாத்தேன். நம்ம ஓட்டலே தோத்துடும், அப்படி வெச்சிருக்காங்க."

"கட்டில்கிட்டப் பேசிட்டு வந்திருக்க." அவன் அப்பாவைப் பார்த்தான். "இவளுக்கு வெளுத்ததெல்லாம் பால். நீங்க என்ன சொல்றீங்க?"

பெரியப்பா சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் மறுபடி படுத்துக்கொண்டான். மறுநாளே அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

முதல் வாரம் யாரும் வரக்கூடாது என்பது அங்கே விதி. தொலைபேசியில் கேட்டால், நன்றாக ஒத்துழைக்கிறார் என்று பஞ்சுக் குரல் சொல்லும். பெரியம்மா அதை எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னாள். "அந்த நர்ஸ் குண்டம்மா கையில மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்" என்றும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க விட்டார்கள். அதே அறை. கட்டிலுக்கு ஒரு குடும்பமாக உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. சட்டைக்குள் எலும்பு தெரிந்தது. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்திருந்தான். பெரியம்மா வாங்கி வந்த ஆப்பிளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"பேசேண்டா."

"என்ன பேசணும்? நல்லா ஒத்துழைக்கிறேன்."

பேச்சில்லாதபோது அவள் கண் போகும் இடத்துக்குப் போயிற்று. அண்ணனின் பக்கத்தில் விரிப்பைப் பார்த்தாள். அடுத்த கட்டிலைப் பார்த்தாள். எழுந்து நின்று இரண்டு வரிசையையும் பார்த்தாள். எல்லாக் கட்டிலிலும் அந்தக் கோடு இருந்தது. ஒருவர் ஒரே ஓர் இரவு புரண்டு படுத்தால் போதும், உடம்புச் சூட்டில் மடிப்பு கலைந்துவிடும். ஓட்டலில் தினம் ஆள் மாறும், தினம் விரிப்பு மாறும். இங்கே யாரும் மாறுவதில்லை.

"இதுல நீ எப்ப படுத்த?" என்று கேட்டாள்.

அண்ணன் சிரித்தான். "படுக்கல. ஞாயித்துக்கிழமை உக்கார்றதுக்கு மட்டும்தான் இது. நீங்க கெளம்பினதும் உருவிடுவாங்க."

பெரியம்மா அவனை எழுப்பிவிட்டு விரிப்பை இழுத்தாள். கீழே காக்கி நிற ரெக்சின் மெத்தை. வெடித்த இடங்களில் பஞ்சு கறுத்துத் தெரிந்தது. பினாயில் நாற்றம் மூக்கில் ஏறியது.

"வாந்தி எடுத்தா ஒரு வாளித் தண்ணி ஊத்தித் துடைச்சிடலாம் பாரு. நாங்கதான் துடைக்கணும். அந்த நடுக்கத்துல துடைக்க வரலன்னா அதுலயே கெடக்கணும்."

அவள் அவன் சட்டையைத் தூக்கினாள். ரெக்சினில் ஒட்டி ஒட்டி முதுகுத் தோல் சிவந்து உரிந்திருந்தது. அவள் சட்டையை இறக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் எழுவதற்குள் விரிப்பை உருவித் தரையில் போட்டாள். அதற்கடுத்த கட்டிலிலும் போட்டாள்.

இயக்குநர் வந்துவிட்டார். "அம்மா, அமைதி. இது சிகிச்சை நடக்கற சூழல்."

"எது சூழல்? உங்க மெஷின்ல ஒரு வாரமா ஒரு துணி ஓடல. மனுஷன் படுத்தெழுந்த துணி ஒண்ணு காட்டுங்க, நான் பேசாமப் போயிடறேன்."

"உங்க பையன் பொய் சொல்றார். இந்த நோயோட குணமே அதுதான்."

"அவன் பொய் சொல்லுவான். அவன் முதுகு சொல்லாது."

அடுத்த விரிப்பை அவள் பிடித்தபோது அதன் மறுமுனையை ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா வயதுதான் இருக்கும். அவளுக்குப் பின்னால் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"விடுங்க. இது என் பையன் கட்டில்."

"கீழ என்ன இருக்குன்னு பாருங்க."

"பாத்தாச்சு. வந்த மொத மாசமே பாத்தாச்சு." அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. "இங்கயாவது கதவு பூட்டியிருக்கு. எங்க வீட்டுல என்னால பூட்ட முடியல. உங்களுக்குப் போக எடம் இருந்தா உங்க பையனைக் கூட்டிட்டுப் போங்க. இருக்கற எடத்தையும் எங்களுக்குக் கெடுக்காதீங்க."

பெரியம்மா கையை எடுத்தாள். அந்தப் பெண் விரிப்பை மறுபடி இழுத்துவிட்டு, மகனை அதன் மேல் உட்காரவைத்தாள்.

பெரியப்பா இரவல் வாங்கி வந்திருந்த காரில் திரும்பினோம். முன்னால் பெரியம்மா. பின்னால் நானும் அண்ணனும். முதுகு இருக்கையில் படாமல் அவன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"மொத நாள் பாக்க வந்தப்பவே அந்தக் கோடு இருந்துதா?"

"இருந்துது" என்றாள் பெரியம்மா.

"நீ பாத்த."

"பாத்தேன்."

"பாத்துட்டு?"

"நல்லா இஸ்திரி போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

அண்ணன், "சரி, முடிஞ்சுது. ஒரு தடவைன்னு சொன்னேன். அந்தத் தடவையை உன் இஸ்திரிக்குக் குடுத்தாச்சு. அப்பா, இங்கயே எறக்கி விடுங்க" என்றான்.

"எறங்கி எங்க போவ? எவன்கிட்ட வாங்கப் போற?"

"அதை நீ கேக்கக்கூடாது. அதான் பேச்சு."

பெரியப்பா வண்டியை ஓரம் கட்டினார். ஒரு டயர் கடை வாசல். எஞ்சினை அணைத்தார். இறக்கிவிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் திரும்பவில்லை. பேருந்தில் பிள்ளைகளைப் பார்ப்பது போல, பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தார்.

"உங்கம்மா கேட்டா, நீ போன. அது அவ கணக்கு. நான் இன்னும் கேக்கல."

"நீங்க எப்பவும் எதுவும் கேட்டதில்லயே."

"அதான். என் பங்கு அப்படியே இருக்கு. அந்த ஆஸ்பத்திரி வார்டுக்கு வா. கூட நான் தங்கறேன்."

"நல்ல நேரம் பாத்தீங்க வாயைத் தெறக்க" என்றாள் பெரியம்மா.

"நீ சும்மா இரு."

டயர் கடையில் யாரோ இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை கதவுப் பிடியிலேயே இருந்தது.

"அவ வரக்கூடாது" என்றான் கடைசியில். "வார்டுக்குள்ள மட்டுமில்ல, அந்த மாடிக்கே வரக்கூடாது."

"வர மாட்டா."

"நான் இங்கதான் இருக்கேன். நீங்களா பேசி முடிச்சுக்காதீங்க" என்றாள் பெரியம்மா.

"வருவியா?" என்று கேட்டார் பெரியப்பா.

"எனக்கு வேலை இருக்கு. உங்க வார்டு வாசல்ல வந்து நிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்து?"

அன்றே சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் பெரியப்பா கூடத் தங்கினார். மறுநாள் பெரியம்மா வேலைக்குப் போனாள். அன்று உருளையிலிருந்து வந்த விரிப்புகளில் பாதி தரையில்தான் கிடந்தனவாம். அதற்கடுத்த நாள் ஓட்டலுக்குப் போகவில்லை. என்னைக் கூப்பிட்டாள். மருத்துவமனைக்குப் போனோம். மாடி ஏறவில்லை. முற்றத்து மரத்தடியில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காவலாளி வந்தார். "யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல."

"சும்மா உக்கார இது பார்க் இல்லம்மா."

"பார்க்னா பெருக்கி வெச்சிருப்பாங்களே. ஆஸ்பத்திரின்னு தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன்."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வார்டு நர்ஸ் டீ டம்ளரோடு மூச்சு வாங்க வந்தாள். பெரியம்மாவை அடையாளம் தெரிந்து நின்றாள்.

"மேல வரலயா?"

"வரக்கூடாதுன்னு உத்தரவு."

"யாரு போட்டது?"

"உங்க பேஷண்ட்டு."

"அப்ப நானும் விட மாட்டேன்."

"விடச் சொல்லி நான் கேக்கல. மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தாச்சு. இன்னிக்கு ரெண்டு வாய் கஞ்சி எறங்கியிருக்கு. முதுகுக்குக் களிம்பு போட்டிருக்கோம், குப்புறப் படுத்துத் தூங்கினான்."

"விரிப்பு..." என்று ஆரம்பித்தாள் பெரியம்மா. நர்ஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல. போங்க, டீ ஆறிடும்."

நர்ஸ் போன கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவின் தொலைபேசி அடித்தது. பெரியப்பா.

"எங்க இருக்க?"

"ஓட்டல்ல."

"இவன் கேக்கறான், அம்மா போயிட்டாளான்னு."

"வரவே இல்லன்னு சொல்லுங்க. வராதவ எங்க போறது?"

பெரியப்பா, "ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் கேக்கறான்" என்றார்.

பெரியம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மூன்றாவது மாடியில் நிறைய ஜன்னல்கள். எது என்று தெரியவில்லை.

"பாத்துக்கிட்டே எதுக்குக் கேக்கறான்?"

"தெரியல. கேக்கச் சொன்னான், கேட்டேன்."

"வேற என்ன சொன்னான்?"

"அவ்வளவுதான்."

அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். பெஞ்சைவிட்டு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். வாசல் பக்கம் போகப்போகிறாள் என்று நானும் எழுந்தேன். அவள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். ஆக்சிஜன் சிலிண்டர்கள் சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சுவரில் ஜன்னலே இல்லை. கவிழ்ந்து கிடந்த மரப்பெட்டி ஒன்றைக் காலால் நகர்த்தி, சுவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க இருந்தா அவனுக்குத் தெரியாது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீ வேணா வீட்டுக்குப் போ. எனக்கு நேரமாகும்" என்றாள்.